கேமரா பாடி மாற்றும் முன் ஃபோகஸ் வேகத்தை அளந்து பார்

இராமநாதபுரம்
தை மாதம்

அன்பு மாப்ள சேவியருக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சக்கரக்கோட்டைக் கண்மாயில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, நாரைகள் கூட்டை விட்டுப் போகவில்லை. மண்டபம் வரும் வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போ.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். பறவைப் படம் எடுக்கக் கையில் இருக்கும் கேனன் 7டி மார்க் 2 கேமராவைக் கொடுத்துவிட்டுக் கேனன் ஆர்7 வாங்கலாமா, ஃபோகஸ் இரண்டு மடங்கு வேகம் என்கிறார்களே, உண்மையா என்று எழுதியிருக்கிறாய். எதில் இரண்டு மடங்கு என்று முதலில் கேட்க வேண்டும் மாப்ள. நாம் ஃபோகஸ் வேகம் என்று ஒரே பேரில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. லென்ஸுக்குள் கண்ணாடி நகர ஆகும் நேரம் ஒன்று. எங்கே நகர வேண்டும் என்று பாடி கண்டுபிடிக்கும் நேரம் ஒன்று. பிடித்த பறவையை விடாமல் படத்துக்குப் படம் தொடர்வது மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் லென்ஸ் மோட்டாரின் கையில் இருக்கிறது. உன் 100-400 மி.மீ. லென்ஸின் இரண்டாம் பதிப்பை அடாப்டர் போட்டு ஆர்7-இல் மாட்டினாலும் மோட்டார் அதேதான், அதனால் அதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதே. காசு கொடுப்பது மற்ற இரண்டுக்கும்தான்.

முதல் இரண்டு வேலைகளையும் சேர்த்து வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். கேமராவை டிரைபாடில் நிறுத்தி, பத்து மீட்டர் தூரத்தில் பெரிய எழுத்துள்ள காலண்டர் அட்டை ஒன்றை வை. லென்ஸ் ரிங்கைக் கையால் திருப்பி மிகக் கிட்டத்துக்குக் கொண்டுவா. உன் போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறதல்லவா, அதில் ஃபோகஸை ஓட்டும் ஏஎஃப்-ஆன் பட்டன் மேல் இருக்கும் கட்டைவிரலும் லென்ஸின் தூர அளவு ஜன்னலும் சேர்ந்து தெரியும்படி படம்பிடி. விரல் அமுங்கியதிலிருந்து ஜன்னலில் அளவுகோல் அசையாமல் நிற்கும் வரை ஃபிரேம்களை எண்ணு. ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி விநாடி, ஆக 60 ஃபிரேம் என்றால் கால் விநாடி. பத்துத் தடவை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எழுதிக்கொள். இரண்டு பாடிக்கும் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும், வெளிச்சம் மாறக் கூடாது. ஆர்7-இல் பட்டனைத் தொடாமலே லென்ஸை ஓட்டிக்கொண்டிருக்கும் வசதியை அணைத்துவிடு, இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

அதே சோதனையை லென்ஸ் பக்கவாட்டு சுவிட்சை 'ஃபுல்' நிலையில் வைத்து ஒருமுறையும், '3 மீட்டர் முதல் முடிவிலி' நிலையில் வைத்து ஒருமுறையும் செய். இரண்டாவதற்கு ரிங்கை 3 மீட்டரிலிருந்து தொடங்கு. ஃபோகஸ் தவறித் தேடும்போது 'ஃபுல்' நிலையில் லென்ஸ் ஒரு மீட்டர் வரை போய்த் திரும்ப வேண்டும். கடற்கரையில் அந்தக் கிட்டத்துக்கு நமக்கு வேலையே இல்லை. பாடி மாற்றாமலே கிடைக்கும் வேகம் இது.

மூன்றாவது வேலைக்குத்தான் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகும் நேர் ரோட்டில் தம்பியை பைக்கில் வரச்சொல், நீ ஓரமாக நில். மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11 மீட்டர். விநாடிக்கு 8 படம் வீதம் எடுத்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பைக் ஒன்றரை மீட்டர் போலக் கிட்டே வந்துவிடும். 400 மி.மீ., எஃப்/5.6, 20 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் அரை மீட்டர் அளவுதான். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் பாடி புதிதாகக் கணக்குப் போட்டாக வேண்டும். 40 மீட்டருக்கு அப்பால் அந்த ஆழம் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும், அங்கே எந்தக் கேமராவும் கெட்டிக்காரக் கேமராதான். எனவே 25 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை விழும் படங்களை மட்டும் கணக்கில் எடு.

இரண்டையும் 8 படத்தில் நிறுத்திப் பார். ஆர்7-இல் மெக்கானிக்கல் ஷட்டரில் 15-க்கு அடுத்த படி 8. 7டி மார்க் 2-இல் மெனுவில் 10-ஐ 8-ஆகக் குறைக்கலாம். பிறகு இரண்டையும் அதனதன் முழு வேகத்தில் விடு. கூர்மையாக விழுந்த படங்களின் சதவீதத்தோடு, விநாடிக்கு எத்தனை நல்ல படம் என்பதையும் எழுது. 10 படத்தில் 70 சதவீதம் என்றால் 7 படம், 15 படத்தில் 60 சதவீதம் என்றால் 9 படம். சதவீதம் குறைந்தும் கையில் நிற்பது அதிகம். எலக்ட்ரானிக் ஷட்டரில் 30 படம் வருகிறதே என்று அதில் ஆலாப் பறவையை எடுக்காதே. சென்சார் வரிவரியாக வாசிக்கப்படுவதால் அடிக்கும் சிறகு வளைந்து விழும்.

திரையில் பார்க்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. பழையது 20 மெகாபிக்சல், புதியது 32.5. இரண்டையும் நூறு சதவீதத்தில் விரித்தால் ஆர்7 படத்தில் அதே ஃபோகஸ் பிழை பெரிதாகத் தெரியும். ஆர்7 படத்தை 5472 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிய பிறகு பக்கத்தில் வை. மங்கலாக இருந்தால் ஃபோகஸைத் திட்டும் முன் படத்தில் வேறு எங்காவது கூர்மை இருக்கிறதா என்று தேடு. பறவைக்குப் பின்னால் அலை நுரை கூராக இருந்தால் ஃபோகஸ் தவறியது. எங்குமே கூர்மை இல்லை, கோடு இழுத்தாற்போல் இருக்கிறது என்றால் அது கை ஆட்டம். ஷட்டர் 1/2500-க்குக் கீழே இறங்க விடாதே.

காற்றை மறந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொய். ஆலா மணிக்கு 40 கி.மீ. பறக்கிறது, வாடைக் காற்று 20-இல் வீசுகிறது என்று வைத்துக்கொள். எதிர்காற்றில் அது 20-இல் ஊரும், காற்றோடு திரும்பினால் 60-இல் ஓடும். ஒரு பாடியில் எதிர்காற்றுப் பறவையையும் இன்னொன்றில் காற்றோடு போகிறதையும் எடுத்து ஒப்பிட்டால் நீ அளந்தது காற்றைத்தான். இந்த மாதத்தில் காலையில் போய், வாடை முதுகில் படும்படி நில். வெயிலும் ஏறக்குறைய உன் பின்னாலிருந்தே வரும், எதிர்காற்றில் ஏறும் பறவை மெதுவாக உன் முகத்துக்கு நேராக வரும். பெண்கடல் (பாக் விரிகுடா) வாடையில் கலங்கிக் கிடக்கும். தண்ணீருக்கு மேல் எடுக்க ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் பார். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இதே ஏற்பாடு சாயங்காலத்துக்கு மாறிவிடும். விசைப்படகு கரை திரும்பும்போது பின்னால் மொய்க்கும் கடற்காகங்களும் நல்ல பரீட்சைதான். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அந்தக் கூட்டம் கிடையாது.

வெயில் ஏறிய பிறகு சோதனையே வேண்டாம். மணல் சூடேறிக் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் எந்த பாடியும் உதவாது. சந்தேகம் இருந்தால் தூரத்தில் நட்ட கம்பு ஒன்றை இருபது படம் எடு. நிற்கிற கம்பே படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் மங்கினால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பு.

என் கணிப்பைக் கேட்டால், வெறும் வானத்தில் பறப்பதை எடுக்க உன் 7டி மார்க் 2 இன்றைக்கும் போதும். அதன் 65 ஃபோகஸ் புள்ளியும் குறுக்குவகை (கிடைக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் பிடிப்பவை), மிச்சமெல்லாம் அமைப்பைப் பொறுத்தது. ஃபோகஸ் பிசகைத் திருத்தும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டை 100-க்கும் 400-க்கும் தனித்தனியாகச் சரிபார்த்தாயா? அதில் ஃபோகஸ் சென்சார் தனியாக இருப்பதால் சிறு பிசகு வரலாம், அதை நாம் மெதுவான ஃபோகஸ் என்று தப்பாக எண்ணுவோம். ஆர்7 பட சென்சாரிலேயே பார்ப்பதால் அந்த வேலை இல்லை. அது ஜெயிக்கும் இடம் அலைக்கு மேல், சதுப்புக் காட்டுக்கு முன்னால் பறக்கும் பறவையில். கண்ணைப் பிடித்துவிட்டால் பின்னணி இழுத்தாலும் எளிதில் விடாது. லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்கு கூட்டும் எக்ஸ்டெண்டர் மாட்டினால் பழையதில் மையப் புள்ளி மட்டும் வேலை செய்யும், புதியதில் அந்தக் கஷ்டம் இல்லை. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகிலிருந்து எடுக்கத்தான் உனக்கு அதிக ஆசை என்றால் வாங்கு.

ஆனால் முதல் பிடியில் அதுவும் தடுமாறும். லென்ஸ் மிகக் கிட்டத்தில் நின்றுவிட்டால் சிறிய பறவை மங்கலில் கரைந்துவிடும், கேமரா அலையைப் பிடித்துக்கொள்ளும். பறவை வரும் தூரத்துக்குச் சமமான ஒரு வள்ளத்திலோ கம்பிலோ முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிட்டு மேலே தூக்கு. ஏஎஃப்-ஆனில் சிறிய பகுதியையும், பக்கத்துப் பட்டனில் கண் கண்டறிதலையும் வை. முதலாவதால் பிடி, பிடித்ததும் விரலை இரண்டாவதுக்கு மாற்று.

வாங்கினால் அடாப்டரை லென்ஸிலேயே நிரந்தரமாக விட்டுவிடு, அரிச்சல்முனையில் கழற்றி மாட்டாதே. இனி தொடர்பு முனைகள் இரண்டு ஜோடி, உப்புக் காற்றில் இரண்டும் பச்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் ஐசோபுரோபில் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டுத் துடை. அழிப்பான் வேண்டாம், முலாம் தேயும். உன் பழைய எல்பி-இ6என் பேட்டரி அதிலும் ஓடும். சிஎஃப் கார்டு மட்டும் பயன்படாது, இரண்டு இடமும் எஸ்டி.

கடைக்காரர் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் வெள்ளிக்கிழமை வாங்கி வை. சனிக்கிழமை விடியுமுன் இராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். டிரைபாடும் காலண்டர் அட்டையும் என் பொறுப்பு. இரண்டு கார்டையும் காலி செய்து கொண்டுவா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
முருகேசன்