ஜான்சன் கிரீக்குக்கு ஒன்பது விமானத்தோடு கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சிறு விமானம் ஓட்டும் நண்பர்களுக்கு வணக்கம்.

ஜூலையில் ஐடஹோ மலைக்காட்டில் உள்ள ஜான்சன் கிரீக் என்ற விமான இறங்குகளத்துக்குப் பறந்துபோய்க் கூடாரம் போட்டுத் தங்கும் உங்கள் திட்டம் பல கைமாறி எனக்கும் வந்து சேர்ந்தது. ஒன்பது விமானம், இருபது பேருக்கு மேல், மூன்று இரவு. நான் ஐடஹோவின் பாய்சி நகரில் இருந்துகொண்டு அந்த மலைகளுக்குள் பறக்கிறவன் என்பதால், “அண்ணே, ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க” என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தேன். தாராளமாக வாருங்கள், ஆனால் இந்தத் திட்டத்தோடு வராதீர்கள். இதே மாதிரித் திட்டங்கள் வேறு குழுக்களிலும் சுற்றுகின்றன என்று கேள்விப்பட்டதால்தான் தனியாகச் சொல்லாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ‘பிக் கிரீக் பக்கம் உள்ள நான்கு களங்களிலும் டச் அண்ட் கோ, வீடியோ’ என்று போட்டிருக்கிறீர்கள், அதாவது சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி எழும்புவது. டியூயி மூர், மைல் ஹை, சைமண்ட்ஸ், வைன்ஸ் என்ற அந்த நான்கு பெயர்களும் இணையத்தில் பிரபலம் என்பது தெரியும். மலைச்சரிவில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் பெரிய டயர் மாட்டிய சூப்பர் கப் என்ற சிறு விமானம் ஒன்று வந்து நிற்கிற காட்சியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று யோசித்தீர்களா? ஃபிராங்க் சர்ச் வனப்பகுதிக்கு உள்ளே. 23 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடு அது. அதற்குள் சாலை கிடையாது, மோட்டார் வண்டி கிடையாது, மிதிவண்டிகூட ஓட்டக் கூடாது. பாதையில் மரம் விழுந்தால் வனத்துறை ஆட்களே பெரும்பாலும் கைரம்பம் கொண்டுதான் அறுக்கிறார்கள். அப்படிப்பட்ட காட்டில் எஞ்சின் வைத்த நம் விமானம் மட்டும் இறங்கலாம் என்பது சட்டம் கொடுத்த ஒரு விதிவிலக்கு.

அந்த விதிவிலக்கு வந்த கதை தெரிந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை நீங்களே அடித்துவிடுவீர்கள். அந்தக் களங்கள் வனச்சட்டத்துக்கு முந்தியவை. பண்ணை வைத்திருந்தவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள், காட்டுத்தீ காவலர்கள் என்று பலரும் தங்கள் தேவைக்கு ஆற்றோரத்திலும் மேட்டுப் புல்வெளியிலும் போட்டுக்கொண்டவை. 1964இல் வந்த வனச்சட்டம், விமானப் பயன்பாடு ஏற்கெனவே இருந்த இடங்களில் அது தொடர அனுமதிக்கலாம் என்றது. அனுமதிக்கலாம் என்றுதான் சொன்னது, அனுமதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிறகு 1980இல் மத்திய ஐடஹோ வனச்சட்டம் வந்தபோதுதான் பிடி இறுகியது. அன்றைய தேதியில் வழக்கமான பயன்பாட்டில் இருந்த களத்தை, விமானங்களுக்கு மிகுந்த ஆபத்து என்ற காரணம் தவிர வேறெதற்காகவும் வனத்துறை நிரந்தரமாக மூட முடியாது. மூடுவதென்றாலும் மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். விமானிகள் கேட்டு, வாதாடி வாங்கிய வரி அது.

‘வழக்கமான பயன்பாடு’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த நான்கு களங்களும் அந்த வரையறைக்குள் வருமா என்பது பல ஆண்டுத் தகராறு. அவசரத்துக்கு மட்டும் இறங்கலாம் என்பது ஒரு தரப்பு, எப்போதும் திறந்தவை என்பது இன்னொரு தரப்பு. காட்டுப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்கு வரைக்கும் போயிருக்கின்றன. இந்த நேரத்தில் ஒன்பது விமானம் வரிசையாக வந்து, சக்கரத்தைத் தொட்டு, எழும்பி, மறுபடி தொட்டு, அதை டிரோன் படம்போல எடிட் செய்து வெளியிட்டால் அந்தப் படம் யாருக்குச் சாட்சியாகப் போகும்? ஐடஹோ விமானிகள் சங்கமும் பொழுதுபோக்கு விமானிகளின் அறக்கட்டளையும் இந்தக் களங்களில் வேடிக்கைக்காக இறங்கிப் பழகாதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கின்றன. தடை இல்லாத இடத்தில் எதற்குத் தயங்க வேண்டும் என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். தடை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

கீழே இருப்பவர்களையும் நினையுங்கள். அதே காட்டுக்குள் ஓடும் மிடில் ஃபோர்க் ஆற்றில் படகு விடுவதற்கு அனுமதிச்சீட்டு குலுக்கலில் வர வேண்டும். பல வருடம் விண்ணப்பித்துக் கிடைத்த ஒரு வாரத்தில், ஆற்றங்கரையில் காலைக் காப்பி குடிக்கிற ஒருவர் தலைக்கு மேல் எஞ்சின் முழு வேகத்தில் அலறினால் அவர் ஊர் திரும்பியதும் செய்கிற முதல் வேலை புகார் எழுதுவது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். வனப்பகுதிக்கு மேல் தரையிலிருந்து 2,000 அடிக்குக் குறையாமல் பறக்கும்படி விமானத்துறையும் கேட்டுக்கொள்கிறது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். இறங்கவும் ஏறவும் மட்டும் அதற்குக் கீழே வந்தால் போதும். தண்ணீர் குறைந்த மாதங்களில் படகுக்காரர்களே சிறு விமானத்தில் இந்தியன் கிரீக் களத்தில் வந்து இறங்கி ஆற்றில் படகை விடுகிறார்கள். அவர்களும் நாமும் எதிரிகள் இல்லை. நாம்தான் ஆக்கிக்கொள்ளக் கூடாது.

ஜான்சன் கிரீக் விஷயம் வேறு. அது வனப்பகுதி எல்லைக்கு வெளியே, மாநில அரசே வைத்து நடத்தும் களம். 3,400 அடி நீளத்துக்குப் பச்சைப் புல், அதன் ஓரத்திலேயே கூடாரம் போட இடம், வெந்நீர்க் குளியல், விறகு. புல்லில் சாயங்காலம் மான்கள் மேயும். பக்கத்து ஊர் யெல்லோ பைன் சில மைல் தூரம்தான். (ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே ஒரு மவுத் ஆர்கன் திருவிழா நடக்கும். கேட்க ஆசை இருந்தால் சரி, அமைதி வேண்டுமென்றால் அந்த வாரம் பக்கம் வராதீர்கள்.) மலைக்களத்துக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நல்ல இடம் என்பதால் சுலபமான இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு எல்லாரும் சேர்ந்து இறங்குவதாகத் திட்டம் சொல்கிறது. இது வேண்டவே வேண்டாம். களம் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலைப் பிற்பகலில் வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் அந்தக் காற்று 8,000 அடி உயரத்துக் காற்றாகத்தான் நடந்துகொள்ளும். எஞ்சின் இளைக்கும், புரொப்பெல்லர் இளைக்கும், இறக்கையும் இளைக்கும். வேகமானியில் வழக்கமான எண் தெரியும், ஆனால் நிஜ வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கும். தரை வழக்கத்தைவிட விரைந்து ஓடுவதைப் பார்த்துப் பயந்து வேகத்தைக் குறைத்து, ஸ்டால் ஆனவர்கள், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விழுந்தவர்கள் உண்டு. இறங்குவது பெரும்பாலும் தெற்கு நோக்கி, புறப்படுவது வடக்கு நோக்கி. இரண்டு பக்கமும் மலை. கடைசி நேரத்தில் மனம் மாறி மறுபடி எழும்ப இது சான் ஹோசே விமான நிலையம் இல்லை. இதையும் யோசியுங்கள்: முதலில் இறங்குகிறவர் டயர் வெடித்து ஓடுதளத்தின் நடுவில் நின்றுவிட்டால், பின்னால் வரும் எட்டுப் பேர் அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் எங்கே சுற்றிக்கொண்டிருப்பார்கள்?

மலைமேல் அடிக்கும் காற்றுக்கு ஆள் அனுபவம் பார்க்கத் தெரியாது. ஸ்டீவ் ஃபாசெட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர், எரிபொருள் நிரப்பாமல் தனியாக விமானத்தில் உலகைச் சுற்றியவர். 2007 செப்டம்பரில் நெவாடாவின் ஒரு பண்ணையிலிருந்து இரண்டு இருக்கை விமானத்தில் சும்மா ஒரு சுற்றுப் போய்வரக் கிளம்பியவர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் சியரா நெவாடா மலையில் விமானத்தின் சிதைவு கிடைத்தது. விமானம் ஏறக்கூடிய வேகத்தைவிட, மலைமேலிருந்து கீழிறங்கிய காற்றின் வேகம் அதிகமாக இருந்தது என்பதே விசாரணை முடிவு. அவருடைய அனுபவத்தில் நூறில் ஒரு பங்குகூட நம்மில் யாருக்கும் கிடையாது.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலைக்குள் மெக்கால் ஊருக்கு வந்துவிடுங்கள். தார் போட்ட நீளமான ஓடுதளம், பெட்ரோல், ஏரிக்கரையில் தங்க இடம் எல்லாம் உண்டு. மறுநாள் காலை வெயில் ஏறுமுன் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கிளம்பினால் காப்பி நேரத்துக்கு ஜான்சன் கிரீக். அதற்கு முன்னால் மலைப்பறப்பு தெரிந்த பயிற்சியாளரோடு ஆளுக்கு ஒரு நாளாவது பறந்திருக்க வேண்டும். மெக்காலிலேயே அப்படிச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போவது, திரும்ப இடமில்லாத பள்ளத்தாக்குக்குள் நுழையாமல் இருப்பது இதெல்லாம் யூடியூபில் பார்த்தால் புரியும், கைக்கு வராது. உங்களில் பாதிப்பேர் வாடகை விமானத்தில் வருகிறீர்கள். பல கிளப்புகள் புல்தரையில் இறங்க அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, இன்சூரன்ஸ் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுங்கள்.

சாமான் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இரும்புத் தோசைக்கல் இரண்டு, இட்லிக் கொப்பரை, பத்து கிலோ அரிசி. ஆட்டுக்கல் ஒன்றுதான் பாக்கி. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தில் நான்கு பேர் ஏறி, டேங்க் நிரப்பினால் அத்தோடு எடை வரம்பு முடிந்துவிடும், ஒரு போர்வைகூட ஏற்ற முடியாது. இந்த உயரத்தில் இரண்டு பேர், பாதிக்குக் கொஞ்சம் மேல் எரிபொருள், அதுவே நல்ல சுமை. காய்ந்த புல்லில் புறப்பட ஓடுவதற்கே தார்த்தரையைவிட 15 சதவீதம் கூட்டிக் கணக்குப் போடச் சொல்கிறது செஸ்னா கையேடு. ஒரு சின்ன குக்கர் மட்டும் அவசியம் கொண்டுவாருங்கள். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகிறதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அப்புறம் ரேடியோ. ‘122.9இல் தமிழில் பேசிக்கொள்ளலாம், ஜாலியாக இருக்கும்’ என்று எழுதியிருப்பது யார் என்று தெரியவில்லை, வாழ்க. அந்த அலைவரிசையைத்தான் ஐடஹோவின் மலைக்களங்கள் பலவும் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருவர், ஒரே பக்கமாகத்தான் இறங்க முடிகிற ஒற்றைவழிக் களத்துக்கு இறுதி வளைவில் இருப்பார். அவர் “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்லும் அந்த மூன்று விநாடியை நம்முடைய “மச்சான், கீழ பாத்தியா” மூடிவிடும். இடம், உயரம், எங்கே போகிறோம் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அரட்டைக்கு 122.75 இருக்கிறது, அங்கேயும் அளவோடு. அணிவகுத்துப் பறப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பயிற்சி இல்லாதவர்கள் நெருங்கிப் பறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இறங்கிய பிறகு செய்யும் ஒரு காரியம்தான் அங்கே பெயரை உடனே கெடுக்கும். விமானத்தைக் கூடாரங்களின் பக்கம் ஓட்டிவந்து, எஞ்சின் சக்தி கொடுத்து அப்படியே வால் சுழலத் திருப்புவார்கள். புரொப்பெல்லர் காற்று பின்னால் இருக்கும் டென்ட்டை முளையோடு பிடுங்கும். அடுப்பில் இருப்பது, கயிற்றில் காயப்போட்டது எல்லாம் பறக்கும், புல்தூசி தோசை மாவில் விழும். கூடாரங்களைவிட்டுத் தள்ளியே எஞ்சினை நிறுத்துங்கள். இரண்டு பேர் இறங்கி, வாலைத் திருப்பிக் கையால் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிவையுங்கள். அங்கே கிழவர்கள்கூட அப்படித்தான் செய்வார்கள், பார்த்தால் ஓடிவந்து கைகொடுப்பார்கள். சாப்பாட்டை டென்ட்டிலும் வைக்க வேண்டாம், விமானத்திலும் வைக்க வேண்டாம். அந்தக் காட்டில் கருங்கரடி உண்டு. அலாஸ்காவில் மீன் வாசம் பிடித்த கரடி ஒன்று பைப்பர் கப் விமானம் ஒன்றின் மேல் போர்த்திய துணியைக் கிழித்துத் தொங்கவிட்ட படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கைப்பேசிக்கு சிக்னல் இருக்காது, ஆகவே செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றாவது விமானத்துக்கு விமானம் இருக்கட்டும். தீ எரிகிற காலமென்றால் கிளம்பும் முன் தடைப்பகுதி அறிவிப்புகளைப் பாருங்கள். தீயணைப்பு விமானங்களுக்குக் குறுக்கே போனால் உரிமம் போவதோடு நிற்காது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பயிற்சியாளர் சரி என்று சொன்னவர்கள் மட்டும் காலையில் சல்ஃபர் கிரீக் பண்ணைக்கு ஒரு தாவல் போய்வாருங்கள். விமானிகளுக்குக் காலை உணவு போடுவதில் அது பேர்பெற்ற இடம். தனியார் களம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். மற்றவர்கள் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். ஒன்பது விமானத்தையும் மூன்று மூன்றாகப் பிரித்து மூன்று வாரக்கடைசிகளுக்கு மாற்றினால் அந்த இடம் தாங்கும், மற்ற முகாமிகளுக்கும் இடம் இருக்கும். முதல் மூன்றோடு நான் வருகிறேன். மெக்கால் பயிற்சியாளர்களின் கோடைத் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். இந்த மடலைப் பற்றி வாதாடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அவர்களிடம் தேதி வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
பாய்சியிலிருந்து உங்கள் அண்ணன்