புதைக்காத புதையல்: பெரியபட்டினத்தாருக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் ஊராட்சி நிர்வாகத்தாருக்கும் ஜமாஅத் பெரியோர்களுக்கும் மீனவக் கிராமத் தலைவர்களுக்கும் வணக்கமும் ஸலாமும்.

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஜியோகேச்சிங் விளையாட்டை நடத்த நாங்கள் சிலர் விரும்புகிறோம். அதற்குத் தங்கள் எழுத்துவழி அனுமதியைக் கோரியே இம்மடல். இவ்விளையாட்டில் ஒருவர் சிறு பெட்டி ஒன்றை மறைத்துவைத்து அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் அதைத் தேடிக் கண்டு, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வருவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே செய்துவந்த குளறுபடியை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கிய மறுநாளே, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை மறைத்துவைத்து இதைத் தொடங்கினார்.

இதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இக்கடற்கரையில் அரிது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் (அரபு வழி முஸ்லிம்கள்) பள்ளிவாசலுக்கு அளித்த நிலக்கொடையைக் கூறுகிறது. அந்தப் பட்டினம் பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பெருமாள் கோயிலில் பள்ளிவாசலின் கொடையைப் படித்துவிட்டு, அதில் கிடைக்கும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வரும் பிள்ளைக்கு எந்தப் பாடநூலும் ஈடாகாது. 14ஆம் நூற்றாண்டு மொராக்கோப் பயணி இப்னு பதூதா ‘ஃபத்தன்’ எனக் குறிப்பிடும் துறைமுகம் இதுவே என்று கருதுவோரும் உண்டு. பெருந்தூண்களின்மேல் நின்ற மரமண்டபத்தையும், கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், திராட்சையையும் மாதுளையையும் அவர் அங்கே கண்டார். (திராட்சையை இன்று எங்கே தேடுவது என்பது பிள்ளைகளின் பாடு.)

ஆயினும் வெளிநாட்டு வழக்கத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. மரைன் போலீசாரும் கடலோரக் காவல்படையினரும் இரவுபகலாகக் கண்காணிக்கும் கரையில், கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி எத்தகைய பதற்றத்தை உண்டாக்கும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எனவே வெட்டவெளியில் ஒரு பெட்டியும் இராது. நூலகத்திலோ, ஒப்புக்கொள்ளும் தேநீர்க் கடையிலோ, வலை பின்னும் கொட்டகையிலோ, பொறுப்பாளர் ஒருவரின் கண்பார்வையில்தான் இருக்கும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளின் பக்கமே போகமாட்டோம்.

இதைவிடக் கவலைக்குரியது மண்ணுக்கடியில் இருப்பது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இங்கே சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. புதையல் என்று காதில் விழுந்தாலே கடப்பாரையைத் தேடுவோர் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே அகழாய்வு நடந்த இடங்களின் எண்களை வெளியிடப் போவதில்லை. தோண்டுவதை இவ்விளையாட்டின் பொதுவிதியே தடைசெய்கிறது. அதோடு, மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடுவோம்.

குறிப்பேடுகளில் பெயர் மட்டும் எழுதினால் போதாது என்பது எங்கள் எண்ணம். ஒரு கிணற்றை யார் வெட்டினார்கள், ஒரு தெருவுக்கு அப்பெயர் எப்படி வந்தது, சங்கு குளிக்கப் போனவர்கள் எங்கிருந்து தோணி ஏறினார்கள் என்பவற்றை அவ்விடத்து முதியவர்களிடம், குறிப்பாக வீட்டுப் பெரிய பெண்களிடம், கேட்டு எழுதினால்தான் அடுத்த இடத்துக்கான எண்கள் தரப்படும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே எழுதிவைப்போம். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. ஏடுகள் நிறைந்ததும் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைப்போம்.

கபறுஸ்தான், வழிபாட்டிடம், தனியார் தென்னந்தோப்பு என எங்கெங்கே பிள்ளைகள் போகக் கூடாது என்பதை ஊர் வரைபடத்தில் தாங்களே முதலில் குறித்துத் தருமாறு வேண்டுகிறோம். எஞ்சிய இடங்களுக்கு மட்டும் திட்டம் வகுத்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் வைக்கிறோம்.

இப்படிக்கு,
பெரியபட்டினத்தில் பிறந்து வளர்ந்த சிலர்