ஆய்வு நெறியாளர்களின் பணியிட மாற்றம்: உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கல்லூரிகளில் கரிம வேதியியல் கற்பித்து, எளிய பொருள்களிலிருந்து சிக்கலான மூலக்கூறுகளைக் கட்டியெழுப்பும் தொகுப்பு வேதியியலில் ஆய்வு செய்து ஓய்வு பெற்றவன் நான். முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்தும் ஒரு நெறியாளரை, அம்மாணவர்கள் ஆய்வேட்டை ஒப்படைக்கும் வரை வேறு கல்லூரிக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

நஞ்சறுப்பான் என்று நாம் அழைக்கும் கொடி, ஆஸ்துமாவுக்கு நெடுங்காலமாகக் கைமருந்தாக இருந்துவருகிறது. அதில் உள்ள டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டின் (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மத்தின்) அமைப்பை ஆராய்ந்து, அதை ஆய்வுக்கூடத்தில் தொகுத்தும் காட்டியவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் அவருடைய மாணவர்களும். அந்தத் தொகுப்பு 1961இல் வெளியானது. இன்றைய கருவி வசதிகள் இல்லாத அந்நாளில், மூலக்கூறைப் படிப்படியாகச் சிதைத்து, கிடைத்த துண்டுகளைக் கொண்டு முழு அமைப்பை ஊகித்து, பிறகு அதே அமைப்பை எளிய பொருள்களிலிருந்து கட்டியெழுப்பி, கொடியிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டுத்தான் ஊகத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸிடம் பணியாற்றித் திரும்பிய கோவிந்தாச்சாரி, பத்தாண்டுக்கும் மேலாக அந்த ஒரே கல்லூரியில் நிலைத்திருந்து இவற்றைச் செய்தார். 1960இல் அவருக்கு அறிவியலுக்கான பட்நாகர் விருது கிடைத்தது. 1963இல் மும்பை கோரேகானில் சிபா மருந்து நிறுவனத்தின் ஆய்வு மையத்துக்கு இயக்குநரானபோது, அவரிடம் பயின்ற கே.நாகராஜனும் அங்கே பணியாற்றினார். மனச்சோர்வுக்கான நைட்ராக்ஸசெபின் அம்மையத்தில் உருவான மருந்து. ஓர் அரசுக் கல்லூரியின் ஆய்வு மேசையில் ஊன்றிய வேர் இது என்பதை நான் பெருமையுடன் நினைக்கிறேன்.

தொகுப்பு ஆய்வுக்குத் தொடர்ச்சி ஏன் இவ்வளவு இன்றியமையாதது என்பதற்குக் கணக்கே சாட்சி. பத்துப் படிகள் கொண்ட ஒரு தொகுப்பில் ஒவ்வொரு படியும் 80 விழுக்காடு விளைச்சல் தந்தாலும், இறுதியில் கையில் நிற்பது ஏறத்தாழ 11 விழுக்காடுதான். ஒன்பதாம் படியில் வினை தவறினால் மாணவர் மீண்டும் முதற்படிக்கே போய் மூலப்பொருளைச் சேர்க்க வேண்டியிருக்கும். எந்த இடைநிலைப் பொருள் காற்றுப்பட்டால் கெடும், எந்தக் கரைப்பானை ஈரம் நீக்கி உடனே பயன்படுத்த வேண்டும், எந்தக் கலவை பிரிப்புக் குழாயில் எளிதில் பிரியாது என்பவற்றில் பெரும்பகுதி எழுத்தில் வராமல், நெறியாளரும் மாணவரும் ஒரே மேசையருகே நிற்பதாலேயே கடத்தப்படுகிறது. நெறியாளர் வேறு மாவட்டத்துக்குச் செல்லும்போது அந்த அறிவும் அவரோடு செல்கிறது; அவருக்குப் பதிலாக வேறு துறைப் பிரிவைச் சேர்ந்தவர் கையொப்பமிடலாம், வினையைச் சீர்செய்ய அவரால் இயலாது.

நிதியும் இதே போன்றதுதான். நிதியாண்டின் கடைசி வாரங்களில் மொத்தமாக வரும் பணத்தில் வாங்கிய பியூட்டைல் லித்தியம் என்ற வினைப்பொருள், திறந்து பயன்படுத்தத் தொடங்கியபின் நாளடைவில் வீரியம் இழக்கும். தேவைப்படும்போது சிறிதளவாக வாங்கும் உரிமையைத் துறைத்தலைவருக்கு அளித்தால் போதும்.

பணியிட மாற்றம் நிர்வாகத்துக்குத் தேவையான ஏற்பாடு என்பதையும், தொலைவான கல்லூரிகளில் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. கலந்தாய்வுக்கு முன்னதாக, பதிவுசெய்த முழுநேர ஆய்வு மாணவர்களைக் கொண்ட நெறியாளர்களின் பட்டியலைக் கல்லூரி முதல்வர்களிடம் கேட்டுப் பெற்று, அவர்கள் தாமாக விரும்பினாலன்றி மாற்றமில்லை என்று ஓர் அரசாணை பிறப்பியுங்கள். மாற்றம் தவிர்க்க முடியாதெனில், மாணவரின் பதிவையும் உதவித்தொகையையும் வேதிப்பொருள்களையும் நெறியாளர் செல்லும் கல்லூரிக்கே மாற்றித் தர அதே ஆணையில் வழிசெய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர்