பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்: சுற்றுச்சூழல் வரலாறு 1962இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் இயக்கத்தின் வரலாறு என்று நீங்கள் எழுதும் பாடம் எங்கே தொடங்கும் என்பதைப் புரட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி ரேச்சல் கார்சன் எழுதிய நூல், 1970இல் முதல் புவி நாள், 1972இல் ஐ.நா.வின் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாடு. கார்சன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த வரிசையில் படிக்கும் மாணவர், இயற்கையைப் பற்றிய கவலை வயிறு நிறைந்தவர்களுக்கு முதலில் வந்து பிறகு மற்றவர்களுக்குப் பரவியது என்றே எண்ணிக்கொள்கிறார்.

ஜப்பானின் ஆஷியோ செப்புச் சுரங்கத்தைப் பாருங்கள். 1880களில் உற்பத்தி பெருகியபோது, உருக்காலையின் கந்தகப் புகையில் சுற்றியிருந்த மலைகள் மொட்டையாயின. மழைநீரைப் பிடித்துவைக்க மரமில்லை. வதாரசே ஆற்றில் வெள்ளம் பெருகி, சுரங்கக் கழிவை நெல்வயல்களில் கொண்டுவந்து கொட்டியது. மீனும் போயிற்று, விளைச்சலும் போயிற்று. நாடாளுமன்ற உறுப்பினர் தனகா ஷோசோ 1891 முதல் அவையில் கேட்டுக்கொண்டே இருந்தார், பலனில்லை. 1901இல் பதவியைத் துறந்து, பேரரசர் மெய்ஜியின் வண்டியை நோக்கி மனுவும் கையுமாக ஓடினார். காவலர்கள் பிடித்தார்கள், பித்துப்பிடித்தவர் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். (மனு கொடுப்பவருக்கு அதிகாரம் தரும் மிக மலிவான பட்டம் அது.) சுரங்கம் மூடப்படவில்லை. வெள்ளத்தைத் தேக்க இடம் வேண்டும் என்று யனகா கிராமத்தைக் காலி செய்தார்கள். தனகா அந்த ஊரிலேயே குடியேறினார். 1907இல் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகும் மிஞ்சியவர்களோடு நின்றார். 1913இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற பையில் விவிலியமும் அரசியல் சட்டமும் சில கூழாங்கற்களும் இருந்தன.

இன்னொன்று. காட்டைக் காப்பது எப்போதும் நல்லவர்களின் வேலை என்பது போலவும் எழுதுகிறீர்கள். மழை பொய்க்கக் கூடாது என்று கரீபியன் கடலின் டொபேகோ தீவில் 1776இலேயே ஒரு மலைக்காட்டை ஒதுக்கிவைத்தது பிரிட்டிஷ் ஆட்சி. அதே தீவின் தோட்டங்களில் அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1872இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர். மனிதர் இல்லாத காடுதான் தூய காடு என்ற எண்ணம் அப்படித்தான் உலகெங்கும் போயிற்று. அதற்கு நேர் எதிரான எண்ணத்தைச் சொன்னவர்கள் பிரேசிலின் ரப்பர் பால் எடுப்பவர்கள்: காடு நிற்கட்டும், அதில் பிழைப்பவர்களும் இருக்கட்டும் என்றார்கள். அவர்களின் தலைவர் சிகோ மென்டிஸ் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மென்டிஸும், ஓகோனி மக்களின் நிலத்தைக் கெடுத்த எண்ணெய் மாசுக்கு எதிராகப் போராடி 1995இல் நைஜீரியாவில் தூக்கிலிடப்பட்ட கென் சாரோ விவாவும் உங்கள் நூல்களில் வந்தால், பெட்டிச் செய்தியாகத்தான் வருகிறார்கள். தேர்வில் பெட்டிச் செய்தியிலிருந்து கேள்வி வராது என்பது மாணவர்களுக்குத் தெரியும். அடுத்த பதிப்பில் அவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள். தனகாவை முதல் பக்கத்தில் வையுங்கள். இடம் போதாவிட்டால் புவி நாள் ஊர்வலப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
இந்தப் பாடத்தை நடத்திவரும் ஓர் ஆசிரியர்