பழைய சூப்பர் கார்: விலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செகாம்புட் வட்டாரத்தில் ஐரோப்பியக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறேன். சொந்தத் தொழில் செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய சூப்பர் காரை வாங்கிவிட வேண்டும் என்ற ஆவலோடு வரும் நம் இளைஞர்கள் பலரை அங்கே சந்திக்கிறேன். அந்த ஆவலை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். நானே அந்த இயந்திரங்களின் மீது கொண்ட பற்றினால்தான் இத்தொழிலுக்கு வந்தேன். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். விற்பவரும் அதை மட்டுமே சொல்லி அனுப்புகிறார். வாங்கிய பின் தொடரும் செலவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஒரு சூப்பர் கார், புதிதாக வந்தபோது இருந்த விலையிலிருந்து வெகுவாக இறங்கி, இன்று ஒரு புதிய ஜெர்மானியச் செடானின் விலைக்கே கிடைக்கக்கூடும். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. சாலை வரியும் இறங்குவதில்லை. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள காருக்கு அதன் வயதைப் பார்க்காமல் இயந்திரக் கொள்ளளவைப் பார்த்தே சாலை வரி விதிக்கப்படுகிறது. 3,000 சிசியைத் தாண்டிவிட்டால் அடிப்படை வரி 2,130 ரிங்கிட். அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென் கூடுகிறது. 4,163 சிசி கொண்ட முதல் தலைமுறை ஆவ்டி ஆர்8 காருக்கு ஆண்டுக்கு 7,363 ரிங்கிட் 50 சென்னும், 4,961 சிசி கொண்ட தொடக்ககால லம்போர்கினி கல்லார்டோவுக்கு 10,954 ரிங்கிட் 50 சென்னும் கட்ட வேண்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் 1.5 லிட்டர் பெரோடுவா மைவிக்கு நாம் கட்டுவது 90 ரிங்கிட் என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

காப்புறுதியிலும் இதே நிலைதான். பழைய சூப்பர் காருக்கு முழுக் காப்புறுதி வழங்கத் தயங்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, குறிப்பிட்ட அந்தக் காருக்கான காப்புறுதிக் கட்டணத்தை எழுத்துவடிவில் பெற்றுவிட வேண்டும். இழப்பீடு சந்தை மதிப்பின்படியா, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பின்படியா என்பதையும் தவறாமல் கேட்க வேண்டும். இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைக்கும் கழிவு உச்ச அளவாக 55 விழுக்காடு வரை செல்லும் என்றாலும், அது மனிதரைச் சார்ந்ததே தவிரக் காரைச் சார்ந்ததன்று. முந்தைய உரிமையாளரின் கழிவு உங்களுக்கு வந்து சேராது.

எந்தக் காரை வாங்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் பலருக்கு ஏமாற்றம் அளிக்கலாம். கையில் இருக்கும் தொகையை முழுவதும் செலவிட்டு, வாங்க முடிந்த மிகப் புகழ்பெற்ற சின்னத்தை வாங்குவதை விட, ஒரு படி கீழே இறங்கி, நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒன்றை வாங்கி, நான்கில் ஒரு பங்கைப் பழுதுச் செலவுக்காகக் கையில் வைத்திருப்பதே உகந்தது. ஃபெராரி 360 காரில், இயந்திர வால்வுகளை உரிய நேரத்தில் இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். கார் ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்தாலும் அந்தக் கெடு தள்ளிப்போகாது. அதற்கு அடுத்து வந்த எஃப்430 பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி கொண்ட இயந்திரத்தைப் பெற்றதால் அந்தச் செலவு நீங்கியது. எனினும் இயந்திரத்திலிருந்து புகையை வெளியேற்றும் அதன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவது தொழிலில் உள்ளவர்கள் அனைவரும் அறிந்ததே. அக்காலத்து ஃபெராரிகளின் உட்புறப் பொத்தான்கள் நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பிசுபிசுத்துப் போவது சிறிய குறைதான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

நான் மிகவும் அஞ்சுவது கியர்பெட்டியைப் பற்றியே. கிளட்ச் பெடல் இல்லாமல், கணினியே ஒற்றைக் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் பழைய வகை அமைப்புதான் கல்லார்டோவின் ஈ-கியரிலும், ஃபெராரியின் எஃப்1 கியர்பெட்டியிலும், ஆர்8 காரின் ஆர்-டிரானிக்கிலும் உள்ளது. திறந்த சாலையில் இவை சிறப்பாக இயங்குகின்றன. ஆனால் ஜாலான் துன் ரசாக்கில் மாலை நேர நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், அடுக்குமாடிக் குடியிருப்பின் சரிவில் பின்னோக்கி ஏற்றும்போதும் கிளட்ச் வெகுவிரைவில் தேய்ந்துவிடுகிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை உரிய ஸ்கேன் கருவியால் அறிய முடியும். அந்த அளவீட்டைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. 2013ஆம் ஆண்டு மாடலிலிருந்து ஆர்8 இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிக்கு மாறியது. விலை சற்றுக் கூடுதலானாலும் நகரத்தில் ஓட்டுபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். அந்த ஆர்8 காரிலும் காந்தத் திரவம் கொண்ட ஷாக் அப்சார்பர்கள் கசிகின்றனவா, வால்வுகளில் கரி படிந்துள்ளதா என்று பார்த்தாக வேண்டும்.

போர்ஷே 911 விரும்புவோர் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1997க்கும் 2008க்கும் இடையே வந்த சாதாரண கரெரா இயந்திரங்களில், வால்வு அமைப்புக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து இயந்திரமே பாழாகும் அபாயம் உண்டு; சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் உண்டு. அதே காலத்து டர்போ, ஜிடி3 மாடல்களில் வேறு வகை இயந்திரம் இருப்பதால் அந்தப் பேரிங் சிக்கல் அவற்றுக்கு இல்லை. 2009 மாடலிலிருந்து இடைத்தண்டே நீக்கப்பட்டது. அந்த 3,614 சிசி கரெராவுக்குச் சாலை வரி 4,893 ரிங்கிட். கையால் கியர் மாற்றும் போர்ஷே என்றால், இயந்திரம் எந்த அளவுக்கு மிகைச் சுழற்சிக்கு, அதாவது வரம்பைத் தாண்டிய சுழற்சி வேகத்துக்கு உள்ளானது என்பதை அதன் கணினி நிலைவாரியாகப் பதிவு செய்து வைத்திருக்கும். மேல்நிலைகளில் பதிவுகள் இருந்தால் தவறான கியரில் இறக்கி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் லோட்டஸ் எவோராவைச் சொல்வேன். இதைச் சூப்பர் கார் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு; அவர்களோடு வாதிட நான் விரும்பவில்லை. 1996 முதல் 2017 வரை நம் புரோட்டோனின் கையில் இருந்த நிறுவனம் அது. 2009இல் வெளிவந்த எவோரா, இருக்கைகளுக்குப் பின்னால் இயந்திரத்தை வைத்து, ஒட்டி இணைத்த அலுமினியச் சட்டத்தில் கட்டப்பட்டது. அதன் 3.5 லிட்டர் வி6 இயந்திரம் டொயோட்டாவின் 2ஜிஆர். பழைய ஆல்ஃபார்ட், வெல்ஃபயர் வண்டிகளில் இருப்பதும் அதே குடும்பத்து இயந்திரம்தான். எனவே அதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்தவர்கள் இந்நகரில் எங்கும் இருக்கிறார்கள். கிளட்ச் மாற்றுவதற்கு மட்டும் பின்பகுதியை இறக்க வேண்டியிருப்பதால் கூலி அதிகம். அதை மாற்றியதற்கான ரசீது இருக்கும் கார் கிடைத்தால் நல்லது.

இனி ஆவணங்கள். நம் நாட்டிலுள்ள பழைய சூப்பர் கார்களில் பல, பிரிட்டனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பயன்படுத்திய நிலையில் இறக்குமதியானவை. அவ்வாறு கொண்டுவரப்படும் கார்களுக்குப் பொதுவாக ஒன்று முதல் ஐந்து ஆண்டு வயது வரம்பு உள்ளதால், தயாரிக்கப்பட்ட ஆண்டும் இங்கே பதிவு செய்யப்பட்ட ஆண்டும் வேறுவேறாக இருக்கும். பதிவு ஆண்டை மட்டும் பெரிதாக எழுதும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஜப்பானியக் கார் என்றால், அங்கே ஏலத்தில் விற்கும்போது காரைச் சோதித்துத் தரம் குறித்த ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் ஆர் என்ற தரம் இருந்தால் விபத்துக்குப் பின் சீர்செய்யப்பட்ட கார் என்று அறியலாம். பிரிட்டிஷ் கார் என்றால் அதன் பழைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால், அந்நாட்டு அரசின் இணையத்தளத்தில் ஆண்டுச் சோதனை விவரங்களையும், அப்போது மீட்டர் காட்டிய தூரத்தையும் இலவசமாகவே பார்க்கலாம். மூன்று ஆண்டுகள் நிறைந்த கார்களுக்கே அச்சோதனை கட்டாயம் என்பதால், இளவயதில் இறக்குமதியான கார்களுக்கு அது கிடைக்காமல் போகலாம். அப்போது சர்வீஸ் புத்தகமே துணை.

உரிமை மாற்றத்துக்கான கட்டாயச் சோதனையில் தேறிவிட்டது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அச்சோதனை இயந்திர எண், அடிச்சட்ட எண் ஆகியவற்றின் உண்மைத்தன்மையைப் பார்க்கிறது; அது மிகவும் தேவையானது. ஆனால் சிலிண்டர்களின் அழுத்தம் எவ்வளவு, கியர்பெட்டியின் உள்நிலை என்ன என்று அது சொல்லாது. அதற்கு, விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தரைவிரிப்பை நீக்கிச் சேறு படிந்துள்ளதா என்றும், இருக்கைத் தண்டவாளங்களில் துரு ஏறியுள்ளதா என்றும், மின் இணைப்பு முனைகளில் பச்சை பூத்துள்ளதா என்றும் பாருங்கள்.

வங்கிக் கடன் கிடைக்காத இளைஞர்கள் சிலர் ‘சம்போங் பாயார்’ முறையில், அதாவது வேறொருவர் பெயரில் உள்ள கடனைத் தாங்கள் தொடர்ந்து கட்டி, சூப்பர் காரை ஓட்ட முயல்கிறார்கள். இது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. வங்கியின் ஒப்புதலின்றி இவ்வாறு கைமாற்றுவது 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு முரணானது. எத்தனை தவணை கட்டினாலும் கார் உங்களுடையதாகாது. பெயருக்குரியவர் வேறு கடனில் சிக்கினாலும், விபத்து நேர்ந்து காப்புறுதி மறுக்கப்பட்டாலும், முறையிட உங்களிடம் ஓர் ஆவணமும் இராது. முறையாக வணிகரிடம் வாங்கியவருக்கோ 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே முன்வைக்கலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பழைய கார்களுக்கான விளம்பரங்களை ஏற்கும்போது, விலையோடு தயாரிப்பு ஆண்டு, பதிவு ஆண்டு, இயந்திரக் கொள்ளளவு, சர்வீஸ் ஆவணம் உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்களையும் விளம்பரதாரர் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொள்ளளவு தெரிந்தால் சாலை வரியை வாசகரே கணக்கிட்டுக்கொள்வார். மற்ற மூன்றும் தெரிந்தால், பட்டறைக்கு வருவதற்கு முன்பே எந்தக் காரை விலக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஐரோப்பியக் கார் பட்டறைத் தொழிலாளர்,
செகாம்புட், கோலாலம்பூர்