சட்டகத்தின் முதுகையும் காட்டுங்கள்

லண்டன் கலைக்கூடங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஓவியத்தின் அருகே நீங்கள் வைக்கும் குறிப்பில் ஓவியர் பெயர், ஆண்டு, நன்கொடையாளர் பெயர் எல்லாம் இருக்கின்றன. சட்டகம் செய்தவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதையும் சேருங்கள் என்று கேட்கவே இம்மடல்.

சோஹோ பகுதியின் வார்டர் தெருவில் இயங்கிய ஃபோர்ட் அண்ட் டிக்கின்சன் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்களான ராஸெட்டிக்கும் விஸ்லருக்கும் சட்டகம் செய்து கொடுத்தவர்கள் இவர்கள். அந்நாளில் கடைகளில் விற்ற சட்டகங்களின் பூவேலைப்பாடு பெரும்பாலும் மரத்தில் செதுக்கியதல்ல. சீமைச் சுண்ணாம்பு, வஜ்ஜிரம், ஆளிவிதை எண்ணெய், குங்கிலியம் சேர்த்துப் பிசைந்த கலவையை அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டியது. நாளாக ஆக அது வெடித்து உதிரும். ராஸெட்டியும் ஓவியர் மேடாக்ஸ் பிரவுனும் இதை வெறுத்து, ஓக் மரத்தின் மீதே நேராகத் தங்க ரேக்கை ஒட்டச் செய்தார்கள். கிட்டே போய்ப் பாருங்கள்: தங்கத்துக்கு அடியில் மரத்தின் ரேகைகள் ஓடுவது தெரியும். கை பட்டால் கிழியும் அந்த ரேக்கை, கன்னத்தில் தடவி எண்ணெய்ப் பிசுக்கேற்றிய தூரிகையால் எடுத்து வைத்தவர் ஒரு தொழிலாளி. அவர் பெயர் கிடைக்காது; பட்டறையின் பெயராவது கிடைக்கிறதே!

இத்தொழிலில் பலர் நிலைக்கண்ணாடியும் செய்தார்கள். வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை நகர்த்தி, பாரம் ஏற்றி நாள்கணக்கில் வைப்பது பழைய முறை. பாதரசத்தின் நச்சால், ரசம் பூசியவர்களின் கைகள் நடுங்கத் தொடங்கிவிடும். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த வெள்ளி பூசும் வழி நல்ல மாற்றாக இருந்தும், பட்டறைகள் அதற்கு மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. மாளிகைக் கண்ணாடிகளின் பளபளப்புக்குப் பின்னால் இருந்த இந்த நோயைப் பற்றியும் குறிப்பில் ஒரு வரி இடம்பெற வேண்டும்.

சட்டகத்தின் முதுகில் ஒட்டிய கடைச்சீட்டுதான் பல நேரங்களில் மிஞ்சியிருக்கும் ஒரே சான்று. கடை இடம் மாறிய ஆண்டு தெரிந்தால், சீட்டிலுள்ள முகவரியை வைத்தே சட்டகத்தின் காலத்தைக் கணித்துவிடலாம். தேசிய உருவப்படக் காட்சியகம் 1600 முதல் 1950 வரையிலான பிரிட்டிஷ் சட்டகத் தொழிலாளர் விவரத் தொகுப்பை இணையத்தில் திறந்துவைத்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடினமல்ல.

பழுதுபார்க்கவோ இரவல் கொடுக்கவோ படத்தை இறக்கும்போதெல்லாம் அதன் முதுகைப் படமெடுத்து இணையத்தில் இடுங்கள். சட்டகத்தை மாற்ற நேர்ந்தால் பழையதை அதே பதிவெண்ணுடன் பாதுகாத்து வையுங்கள். இதற்கெனத் தனி நிதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கூடங்களுக்கு வந்துபோகும் ஒரு பார்வையாளர்