தண்ணீரை நிறுத்தாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு பஸ் ஏற வேண்டும் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாய், அப்படியும் சூளகிரி தாண்டுவதற்குள் முட்டிக்கொண்டு வருகிறது என்றாயே, இத்தனை நாள் இதை மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் மனசிலேயே வைத்திருந்தது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. உனக்கு இருக்கிற எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்கிற நரம்பு நோய், உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் சிறுநீர்த் தொந்தரவு வரும். நரம்பைச் சுற்றியிருக்கிற மயலின் உறை பழுதாகிவிடுவதால் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் போகிற தகவல் தண்டுவடத்தில் தடுமாறுகிறது, பை நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது. இதில் நீ வெட்கப்பட என்ன இருக்கிறது?

தண்ணீரைக் குறைப்பதை முதலில் விடு. குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கல் வரும், முக்கி முக்கி அடியில் தாங்குகிற தசையும் தளரும், போதாததற்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வேறு. உனக்கு அது வந்தால் கால் பலவீனம், அசதி எல்லாம் சேர்ந்து கூடி, நோய்தான் திரும்பவும் தாக்கிவிட்டதோ என்று பயப்படுகிற நிலைக்குக் கொண்டுபோய் விடும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாத வரை ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர், பகல் முழுக்கப் பிரித்துக் குடி, படுக்கிறதுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்திக்கொள். குறைக்க வேண்டியது ஆபீஸ் காபியை. அப்புறம் வாரத்தில் ரெண்டு நாளாவது ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடு, வயிறு லேசாகப் போகும்.

இனி பையை அடியில் தாங்குகிற அந்தத் தசைக்குப் பயிற்சி. 1948-ல் ஆர்னால்ட் கெகல் என்கிற அமெரிக்க டாக்டர் எழுதினது, அவர் பெயரிலேயே கெகல் பயிற்சி என்கிறார்கள். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கேஸை அடக்குகிற மாதிரி ஆசனவாயை இறுக்கு, கூடவே ஒன்றுக்குப் போவதை அடக்குகிற மாதிரி முன்பக்கத்தையும் இறுக்கி, ரெண்டையும் உள்ளே மேல்பக்கமாக இழு. எல்லாரும் செய்கிற தப்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவதுதான். அதனால் நான் அவர்கள் அடிவயிற்றில் கை வைத்து, “வாய்விட்டு எண்ணும்மா” என்பேன். எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது, தொடை இறுகினால் என் முழங்கையிலேயே தெரிந்துவிடும். முடிந்த வரை பிடி, முதலில் மூன்று வினாடிதான் வரும், போகப் போகப் பத்து வரை போகலாம். விடும்போது கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி மெதுவாக விடு, பிடித்த அளவு நேரம் ஓய்வும் கொடு. எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொரு வேளையும் அந்த எட்டு முறை முடிந்ததும் சட்சட்டென்று இறுக்கி விடுகிற வேகப் பயிற்சியும் கொஞ்சம் சேர்த்துக்கொள். ஒன்றுக்குப் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகாதே, பை முழுசாகக் காலியாகாமல் போய்விடும். அசந்து போன நேரத்தில், வெயிலில் வந்த கையோடு, செய்யாதே. காலையில் படுத்தபடியே முதல் வேளையை முடித்துவிடு.

அவசரம் வந்ததும் நீ பாத்ரூமுக்கு ஓடுகிறாயே, அங்கேதான் கசிகிறது. அப்படியே நின்றுவிடு, இல்லை உட்கார், ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கு. கீழே தசை இறுகினால் பை கொஞ்சம் அடங்கும், அடங்கின பிறகு நிதானமாக நடந்து போ. தும்மல், இருமல் வருகிறதுக்கு முன்னாலும் ஒரு இறுக்கு.

ஆனால் இதெல்லாம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ஒன்று கட்டாயம். எம்.எஸ்.ஸில் சிலருக்குப் பை சுருங்கும்போதே அதன் வாயில் இருக்கிற தசையும் மூடிக்கொண்டு சிறுநீர் உள்ளேயே தங்கிவிடும், அவர்களுக்கு இந்தப் பயிற்சி மட்டும் போதாது, மருந்தோ, தானே டியூப் வைத்து எடுக்கப் பழகுவதோ தேவைப்படலாம். உனக்கும் சில நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று நேற்று போகிற போக்கில் சொன்னாய், அது என் காதில் நன்றாகவே விழுந்தது. அதனால் நியூராலஜி டாக்டரிடம் கேட்டு, ஒன்றுக்குப் போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிற ஸ்கேன் எடுத்துவிடு, வலி எதுவும் கிடையாது. அங்கேயே இந்தத் தசையைப் பார்க்கத் தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் யார் என்றும் கேள், தசை சரியாக இறுகுகிறதா என்று அவர் சோதித்துச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. தேவைப்பட்டால் கரண்ட் தூண்டல் வைத்தும் தசைக்குப் பழக்குவார்கள்.

இந்தத் தடவை பஸ் வேண்டாம், மாப்பிள்ளை லீவு போட்டுக் காரில் கூட்டி வரட்டும், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் நிறுத்தச் சொல். நான் வேண்டுமானால் அவரிடம் பேசுகிறேன். ஸ்கேன் எடுத்ததும் எத்தனை மில்லி என்று வாட்ஸ்அப்பில் போடு, நூறுக்கு மேல் இருந்தால் பயிற்சியை ஆரம்பிக்காமல் முதலில் எனக்கு போன் செய்.

அம்மா